15 வருஷம் ஆகலையே, ஆன்ட்டி!

"கல்லறைக்குள்ள எட்டிப் பார்த்தா அங்க யாருமே இல்ல. கல்லறை காலி!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஞாயிறு பள்ளியில் 12 வருடமாக, இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் பாடத்தின் இதே இடத்தில் இதே மாதிரி கையை விரிக்கிறேன். பிள்ளைகள் வாயைப் பிளக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "15 வருஷம் ஆகலையே, ஆன்ட்டி. அதுக்குள்ள ஏன் காலி பண்ணாங்க?"

அவனுக்கு ஒன்பது வயது. கிண்டல் செய்யவில்லை. முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. எனக்கு அரை நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிங்கப்பூரில் வளரும் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவில் இன்று உடலைப் புதைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு, மேற்கே சுவா சூ காங் இடுகாடு. 1998இல் வந்த விதிப்படி அங்கேயும் ஒரு கல்லறைக்கு 15 வருடம்தான் ஆயுள். அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். தகனம் கூடாது என்கிற சமயத்தவர்களின் எச்சங்களை வேறு குழியில் மறுபடி புதைப்பார்கள். மற்றவர்களுக்குத் தகனம், பிறகு அஸ்தி மாடத்தில் ஒரு சின்னச் சதுரம். கடைசி வரிசைக்காரனின் கொள்ளுப்பாட்டிக்கு முந்தின வருடம்தான் அது நடந்திருந்தது. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டதை அவன் கேட்டிருக்கிறான். ஆக, அவனைப் பொறுத்தவரை கல்லறை காலியாவது அதிசயமே இல்லை. அது அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்து நடக்கிற காரியம். தேதிக்கு முன்னால் காலியானதுதான் அவனுக்கு அதிசயம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவன் வீடு பிடாடாரியில். அப்பர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய அந்த இடம் 1908 முதல் 1972 வரை இடுகாடாக இருந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், முஸ்லிம்களுக்கு ஒரு பக்கம், இந்துக்களுக்கும் கொஞ்சம் இடம். 2000க்குப் பிறகு எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். இப்போது வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகள், பூங்கா, உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையம் என்று பளபளவென்று இருக்கிறது. பழைய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் "எங்க தாத்தா அங்கதான் இருந்தார்" என்பார்கள், ஏதோ வாடகைக்கு இருந்தது போல. ஆயிரக்கணக்கில் கல்லறைகள் காலியான நிலத்தில் நின்று கொண்டுதான் அந்தப் பையன் தினமும் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கிறான். அவனிடம் போய் நான் கையை விரித்துக் காட்டுகிறேன்.

நான் வளர்ந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். ஈஸ்டருக்கு முந்தின நாள் தாத்தாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது பிள்ளைகள் வேலை. பாதிச் சுண்ணாம்பு எங்கள் மேல்தான் இருக்கும். மறுநாள் காலை நாலு மணிக்கு எழுப்பி, தலையில் தண்ணீரைத் தெளித்து, கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவார்கள். "ஏட்டி, மெழுகுதிரியப் பாத்துப் புடி, முன்னால போறவ சடையில பத்தப் போவுது" என்று ஆச்சி பின்னாலிருந்தே சொல்லிக்கொண்டு வருவாள். அந்தந்தக் குடும்பம் அவரவர் கல்லறையைச் சுற்றி நிற்கும். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், சிங்கப்பூர் வந்த புதிதில் அப்படிக் கூப்பிட்டு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறேன்) "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று சத்தமாகச் சொல்வார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று இருட்டுக்குள்ளிருந்து ஊரே பதில் சொல்லும். பாட்டு முடியவும் கிழக்கு வெளுக்கவும் சரியாக இருக்கும். கால் வலித்தால் தாத்தாவின் கல்லறை மேலேயே உட்கார்ந்துகொள்வேன். யாரும் திட்டியதில்லை.

உயிர்த்தெழுதல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்தியதாக நினைவில்லை. முதல் நாள் சுண்ணாம்பு அடித்த கல்லின் மேல் மறுநாள் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேட்டேன், அவ்வளவுதான். இங்கே கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஏசி அறை, படம் ஒட்டும் பிளானல் துணிப் பலகை, வண்ணப் பென்சில், நான்.

போதாக்குறைக்கு மொழி. எங்கள் சபையில் கையில் இருப்பது வேதாகமத்தின் பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு), ஹென்றி பவர் குழுவின் பெயரால் பவர் திருப்புதல் எனப்படும், 1871இல் வந்த தமிழ். எனக்கு அந்தத் தமிழ் உயிர். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலம், பள்ளியில் படிப்பது வேறொரு தமிழ். "பரிசுத்த ஆவி" என்றதும் ஒரு குட்டி பயந்துபோய் அம்மாவிடம் ஓடியது, அதற்குத் தெரிந்த ஆவி பேய்தான். பக்கத்தில் இருந்தவன் பெரிய மனிதன் போல "அது இட்லியில வர்ற ஆவி" என்று சமாதானப்படுத்தினான். யோவான் 3:16இல் "ஒரேபேறான குமாரன்" (ஒரே பிள்ளை என்று அர்த்தம்) என்று வருகிறதல்லவா, ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பேரா, ஆன்ட்டி?" என்றாள். நாலு வருடமாக மனப்பாடமாக ஒப்பித்த வசனம். நாலு வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரகரத்தையும் றகரத்தையும் நானே சரியாக உச்சரிப்பதில்லை, அவளை எங்கே குறை சொல்வது?

சில பெற்றோர் பிள்ளையை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவதே பிஎஸ்எல்இ என்கிற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு உதவும் என்றுதான். "கொஞ்சம் பேச வைங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு வருத்தமில்லை. ஞாயிறு பள்ளியே அப்படித்தானே பிறந்தது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் தொடங்கியபோது, வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு மீதமிருந்த ஒரு நாளில் எழுத்தறிவிப்பதும் அதன் வேலை. இங்கேயும் ஆறு நாள் பள்ளியும் துணைப்பாட வகுப்புமாக ஓடிவிட்டு ஏழாம் நாள் என் முன்னால் கொட்டாவி விடுகிறார்கள். அந்தக் கொட்டாவியைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

பண்டிகைக்கு இந்த ஊரில் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1984 முதல் ஆண்டுதோறும் ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்துமஸ் விளக்குப் போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு விளக்கு எரிந்த அன்றே கிறிஸ்துமஸ் வந்துவிடும், ஆலயத்தில் நாங்கள் இன்னும் ஆயத்த ஞாயிறுகளை எண்ணிக்கொண்டிருப்போம். புளோக் புளோக்காகக் கேரல் போவோம். மின்தூக்கிக்குள் கிட்டாரையும் பதினைந்து பேரையும் திணிப்பது தனிக் கலை. வழியில் கதவைத் திறந்து வைத்துப் பாட்டு கேட்கிற மலாய்க்கார அம்மா ஒருவர் வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பாக்கெட் பானம் தருவார். தீபாவளிக்கு எதிர்வீட்டு முறுக்கு வரும், டிசம்பரில் எங்கள் வீட்டு அச்சு முறுக்கு அங்கே போகும். "நாம ஏன் தீபாவளி கொண்டாடல?" என்கிற கேள்விக்குப் பிள்ளைகள் பெரிய இறையியல் எதிர்பார்ப்பதில்லை. "அது அவங்க பண்டிகை, நாம போய்ச் சாப்பிடலாம்" என்றால் திருப்தி. அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலன் கொண்டுவரச் சொன்னால் ஒரு பையன் மைலோ டின் கொண்டுவந்தான். விளைச்சலே இல்லாத ஊரில் அவன் வேறு எதைக் கொண்டுவருவான்? காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் ஒரு வெள்ளரிக்காய் 50 வெள்ளிக்கு (டாலருக்கு) போனதும், "ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல மலிவா கிடைக்குமே" என்று அவனே எழுந்து எல்லாருக்கும் யோசனை சொன்னான்.

இதெல்லாம் நன்றாகவே நடக்கிறது. நாங்கள் கோட்டை விட்டது வேறோர் இடத்தில்.

பெரிய வெள்ளி இங்கே பொது விடுமுறை. (ஈஸ்டர் திங்களும் ஒரு காலத்தில் விடுமுறைதான். 1968இல் விடுமுறை நாள்களைக் குறைத்தபோது தைப்பூசத்தோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. துக்க நாளுக்கு விடுமுறை உண்டு, சந்தோஷத்துக்கு மறுநாள் காலை ஏழரைக்குப் பள்ளி.) அன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு தியானம், நடு நடுவே கீர்த்தனை. பெரியவர்கள் வெள்ளை உடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளை? மாடியில் ஒரு அறைக்கு அனுப்பிவிடுவோம். அங்கே முயல், முட்டை, பூ படங்களுக்குக் கலர் அடிக்க வேண்டும். மூன்று மணி நேரம். இந்த ஏற்பாட்டை வேறு யாரும் என் தலையில் கட்டவில்லை. படங்களை அச்சடித்துக் கொடுத்தவளே நான்தான். "சின்னப் பிள்ளைங்க, பயந்துடும்" என்று சொன்னதும் நான்தான்.

அது தப்பு என்று 2020இலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏப்ரல் 7ஆம் தேதி கோவிட் பரவலைத் தடுக்கும் முடக்கமான கிருமி முறியடிப்புத் திட்டம் தொடங்கியது, 10ஆம் தேதி பெரிய வெள்ளி. ஆலயம் பூட்டியிருந்தது. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் மும்மணி ஆராதனை. மாடி அறை இல்லாததால் ஏழு வயது மகளும் எங்களோடு சோபாவில். எழுந்து ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தாள், ஒருமுறை பல்லியை வேடிக்கை பார்த்தாள். ஆறாவது வார்த்தை போகும்போது, "ஏம்மா யாருமே அவரை இறக்கி விடுங்கன்னு கேக்கல?" என்றாள். "கேட்டிருப்பாங்க" என்று ஏதோ சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஈஸ்டர் ஆராதனையும் அதே தொலைக்காட்சியில்தான். போதகர் "உயிர்த்தெழுந்தார்" என்றதும் சோபாவில் ஏறிக் குதித்தாள், கீழ் வீட்டுக்காரர் கம்பால் தட்டும் அளவுக்கு. எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தமான ஈஸ்டர் அதற்கு முன் நடந்ததில்லை.

ஆலயம் திறந்தது. மாடி அறையும் திறந்தது. நானும் மறந்துபோய் மறுபடி முயல் படம் அச்சடித்தேன்.

இப்போது கடைசி வரிசைக்காரனிடம் வருகிறேன். வகுப்பில் வாரம் ஒரு மனப்பாட வசனம் உண்டு, எதைச் சொல்வது என்பது அவரவர் இஷ்டம், சொன்னால் ஒரு ஸ்டிக்கர். இந்தச் சட்டத்தில் உள்ள ஓட்டையை எல்லாத் தலைமுறையும் கண்டுபிடித்துவிடும். நானும் கண்டுபிடித்தவள்தான். யோவான் 11:35, "இயேசு கண்ணீர் விட்டார்." மூன்றே சொல். அவன் எழுந்து நின்று அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஸ்டிக்கருக்குக் கையை நீட்டுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். "அடுத்த வாரம் வேற வசனம்" என்பேன். அடுத்த வாரமும் இயேசு கண்ணீர் விடுவார்.

அந்த 15 வருஷக் கேள்வியைக் கேட்ட அதே வருடம் செப்டம்பரில் அவன் தாத்தா இறந்துபோனார். தினமும் பள்ளி முடிந்ததும் அவனைக் கூட்டி வந்தவர், ஞாயிறு பள்ளிக் கதவருகே மடக்குக் குடையோடு நிற்பவர். புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். மூன்று இரவும் ஆராதனை. வட்ட மேசைகளில் வேர்க்கடலை, பாக்கெட் பானம். இரண்டாம் இரவு நான் போனபோது அவன் ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து, கடலைத் தோலை எல்லாம் ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நிமிராமலே கேட்டான். "ஆன்ட்டி, லாசருவை எழுப்பப் போறார்னு அவருக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அழுதார்?"

மனப்பாட வசனத்துக்கு இப்படி ஒரு அடிவாரம் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, இறந்துபோன நண்பனைப் பற்றி, லாசரு நித்திரையடைந்திருக்கிறான், எழுப்பப் போகிறேன் என்று இயேசுவே சொல்கிறார். நாலு நாள் ஆன கல்லறை. இன்னும் பத்து நிமிடத்தில் எல்லாரும் சந்தோஷப்படப் போகிறார்கள் என்று தெரிந்தும் நின்று அழுகிறார். எத்தனை வருடமாக இந்தக் கதையைப் பிளானல் பலகையில் ஒட்டி ஒட்டிச் சொல்லியிருக்கிறேன்! அழுகிற படமே அந்தத் தொகுப்பில் கிடையாது.

பதில் தெரியாதபோது எங்களைப் போன்றவர்கள் சொல்வதை நானும் சொன்னேன். "தாத்தா பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்கப்பா."

"நான் தாத்தாவைப் பத்திக் கேக்கலையே."

கடலைத் தோல் வரிசை மேசை விளிம்பு வரை போய்விட்டிருந்தது. நான் எழுந்து அடுத்த மேசைக்குப் போனேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மண்டாய் தகனச் சாலை. மேல் மாடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குடும்பம் நிற்கும், அந்தப் பக்கம் பெட்டி தானாக நகர்ந்து உள்ளே போகும். அவன் அப்பா அவன் கண்ணைக் கையால் மூடினார். அவன் அந்தக் கையை விலக்கிவிட்டுப் பார்த்தான்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு காரியம் கேட்டேன். ஒன்று, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகளைச் சுவா சூ காங் கூட்டிப் போக வேண்டும். இரண்டு, பெரிய வெள்ளியன்று பிள்ளைகள் கீழேயே இருக்க வேண்டும், ஒரே ஒரு வார்த்தைக்காவது. கூட்டத்தில் ஒரு அமைதி. "பிள்ளைங்களை இடுகாட்டுக்கா? ராத்திரி தூங்குமா? பெத்தவங்க என்ன சொல்வாங்க?" என்றார் ஒரு மூத்த ஆசிரியை. நியாயமான கேள்விதான். பெற்றோரில் இரண்டு பேர் மறுத்தே விட்டார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைத்தது, நம்ப மாட்டீர்கள், கடைசி வரிசைக்காரனின் பாட்டி. கூட்டத்துக்கு வந்து, "எங்க காலத்துல பிடாடாரி இடுகாட்டுலதான் பட்டம் விட்டோம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சிற்றுந்து எடுத்துப் போனோம், பதினோரு பிள்ளைகள், நாலு பெரியவர்கள், ஒரு வாளி, தேய்க்கிற பிரஷ், தொப்பி. பக்கத்திலேயே தெங்கா விமானப்படைத் தளம். சனிக்கிழமை என்பதால் வானம் சும்மா இருந்தது. கிறிஸ்தவப் பகுதியில் வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொன்றுக்கும் எண். சபையில் ஒருவரின் தாயார் கல்லறை, இன்னும் மூன்று வருடம் மிச்சம் இருந்தது. அதைக் கழுவுவதாக முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

பயம் ஐந்து நிமிடம்கூட இல்லை. முதலில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள், பிறந்த வருடம், இறந்த வருடம், கழித்தால் வயது. "இவங்க 91!" "இங்க பாரு, இது பேபி." அந்தச் சின்னக் கல் முன்னால் மட்டும் யாரும் கத்தவில்லை. கல்லின் எழுத்துப் பள்ளத்தில் பாசி படிந்திருந்தது, பழைய பல்துலக்கியால் தேய்த்தால்தான் வரும். ஒரு பெண் "அன்பு" என்ற சொல்லின் "ன்"-இல் மட்டும் கால்மணி நேரம் செலவழித்தாள், அந்தப் புள்ளிக்குள் ஒரு எறும்புப் புற்று. பையன்கள் ஒரு கல்லில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. "அந்தப் பொம்பளைங்க மூணு பேரும் எப்படித் தள்ளலாம்னு போனாங்க?" மாற்கு 16இல் அந்தப் பெண்களே வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு போகிறார்கள், கல்லை யார் புரட்டுவது என்று. எப்படித் தள்ளுவது என்று தெரியாமலேதான் போனார்கள் என்று சொன்னேன். "தெரியாமலேவா?" என்று அவன் கல்லை மறுபடி ஒரு தட்டுத் தட்டினான். இந்த முறை நான் கையை விரிக்கவில்லை. வெயிலில் விரிக்கத் தெம்பும் இல்லை.

பெரிய வெள்ளிக்கு நாலாவது வார்த்தையை எங்களுக்குக் கொடுத்தார் போதகர். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இலகுவானதாக, மூன்றாவதைக் கேட்டிருக்கலாம், தாயையும் சீடனையும் ஒப்படைக்கிற வார்த்தை. ஆனால் நேரம் அப்படி அமைந்தது. முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். போதகர் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, வழக்கம்போல் சற்று நேரம் அமைதியாக நின்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது "அன்பு" எழுத்தைத் தேய்த்தவள், நல்ல தமிழில், ஆலயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யாராச்சும் அவருக்குப் பதில் சொன்னாங்களா?" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு அம்மா "ஷ்ஷ்" என்றார். என் காது சூடாகிவிட்டது. போதகர் அவளைப் பார்த்து, "இல்லம்மா. அன்னைக்கு யாரும் சொல்லல" என்றார். பிறகு தன் குறிப்புத் தாளைப் பார்த்தார், மடித்து வைத்தார். அந்தத் தியானம் அவ்வளவோடு முடிந்தது. பாமாலை எண்ணைச் சொன்னார், எழுந்து நின்றோம். அன்று மாலை இரண்டு பேர் என்னிடம் வந்து ஆராதனையின் ஒழுங்கு கெட்டுவிட்டது என்றார்கள். கெட்டதுதான். அடுத்த வருடமும் கெடட்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு "சரிங்க ஆன்ட்டி" என்றேன்.

ஈஸ்டர் ஆராதனை காலை ஆறு மணிக்கு. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குக் கிழக்கு சிவந்துவிடும். இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் வேலைக்கு வருகிறது. ஆகவே "இருள் அகன்றது" என்று நாங்கள் பாடி முடிக்கும்போது வெளியே கும்மிருட்டு. முன்பெல்லாம் இது எனக்கு எரிச்சலாக இருக்கும், நாடகத்தில் விளக்குக்காரர் சொதப்பிய மாதிரி. இந்த முறை பிள்ளைகள் ஆளுக்கொரு மெழுகுதிரியோடு வாசலில் நின்றதால் இருட்டு உதவியாக இருந்தது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார் போதகர். பதினோரு குரல் பதில் சொன்னது, அதில் "மெய்யாகவே" என்ற சொல் ஐந்து விதமாக உடைந்தது. நான் பின்னால் நின்று, "பார்த்துப் பிடி, முன்னால நிக்கிறவ முடியில பட்டுடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது.

முட்டை தேடும் விளையாட்டையும் விடவில்லை, எனக்கு அதன் மேல் ஒரு கோபமும் இல்லை. வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் முட்டை, உள்ளே சாக்லேட். பூந்தொட்டிகளுக்குள் தலையைவிட்டு எல்லாரும் தேடிக்கொண்டிருக்க, கடைசி வரிசைக்காரன் தன் பங்கில் ஒரு சாக்லேட்டை மட்டும் தின்னாமல் சட்டைப் பையில் வைத்திருந்தான். பாட்டியிடம் போய், "மண்டாய்ல தாத்தா மாடத்துல இதை வைக்கலாமா?" என்று கேட்டான்.

"எறும்பு வரும்டா" என்றார் பாட்டி.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அதற்குள் அது பாதி உருகியிருந்தது. "அப்ப நானே சாப்பிடுறேன்" என்று உறையைப் பிரித்து, விரலில் ஒட்டியதையும் நக்கிவிட்டு, அடுத்த முட்டையைத் தேடி ஓடினான்.